பன்னிரண்டு தாள் பேறுகால மருந்து

புத்தகத்தில் மிச்சம் இருந்தது பன்னிரண்டே தாள். உள்ளங்கை அகலத்துச் சின்ன ஜப்பான் நாவல். மூன்று வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் சண்முகவடிவு. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று வைத்தாலும் சித்திரை கழிவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து மேஜை இழுப்பறையைத் திறந்தால், புத்தகம் இருக்கிறது, அந்தப் பன்னிரண்டு தாளைக் காணோம். கிழித்த இடத்தில் நூல்கூடப் பிசிறவில்லை. அவ்வளவு பக்குவமாகக் கிழித்திருந்தது.

அருப்புக்கோட்டை பஜாரில் அவர்களுக்கு நாட்டு மருந்துக் கடை. புருஷன் சங்கரபாண்டியன் காலையிலிருந்து நிற்பார். ஒன்றரை மணிக்கு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் நாலு மணி வரைக்கும் கடை சண்முகவடிவின் பொறுப்பு. அந்த வெயிலில் சுக்கு வாங்கக்கூட ஆள் வராது. அந்த நேரத்தில்தான் அவள் படிப்பது. வீட்டில் வைத்துப் படிக்கலாமே என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். மாமனார், இரண்டு பிள்ளைகள், இவர். ஆளுக்கொரு நேரம் சாப்பாடு, ஆளுக்கொரு பதத்தில் காப்பி.

ஜப்பான் பாஷையைப் படி என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. தம்பி உதயகுமார் அங்கே வேலைக்குப் போவதற்காக ஆன்லைன் வகுப்பில் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தான். நாலாம் மாதமே வேலை கிடைத்துப் பறந்துவிட்டான். சேர்ந்த வகுப்பு சும்மா கிடக்கிறதே என்று வியாபாரக் குடும்பத்துப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. அவன் பேரிலேயே போய் உட்கார்ந்தாள். வாத்தியாரம்மா மரியாதையாக "உதயகுமார் சான்" என்று கூப்பிடுவாள், இவள் ஆஜர் என்பதற்கு "ஹை" என்பாள். எட்டு மாதமும் அந்தம்மா ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் நாற்பத்தாறு எழுத்து என்றார்கள். சரி, நம்ம எழுத்தைவிடக் குறைச்சல்தானே என்று இறங்கினாள். அப்புறம் அதே நாற்பத்தாறையும் வேறு உருவத்தில் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். அதையும் முடித்து நிமிர்ந்தால், இனிமேல்தான் எழுத்தே ஆரம்பம், ரெண்டாயிரம் இருக்கிறது என்றார்கள். ஆளை வைத்துச் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஒரே எழுத்துக்கு நாலு வாசிப்பு. இன்றைக்குப் பாடமானது நாளைக்கு முகம் தெரியாது. ‘காத்திருப்பது’ என்ற எழுத்தும் ‘கையில் வைத்திருப்பது’ என்ற எழுத்தும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். ஆறு வருஷம் ஆகியும் ஒன்றை மற்றதாகத்தான் படிக்கிறாள். பெருங்காயம் மணக்கும் விரலால் போன் அகராதியில் கோடு இழுத்து இழுத்து, கண் பொங்கி, இந்தக் கருமத்தை இன்றோடு விட்டுத் தொலைப்போம் என்று நூறு தரமாவது மூடி வைத்திருப்பாள்.

"எப்ப ஜப்பான் போறீக?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"போகல."

"பெறகு எதுக்கு?"

அவள் கேட்டவருக்கு வேண்டிய சாமானை நிறுக்கப் போய்விடுவாள். ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தப் பாஷையில் அவளிடம் யாரும் இதுவரை காப்பி கேட்டதில்லை.

நாவல், உதயகுமார் அனுப்பியது. பழைய புத்தகக் கடை வாசலில் பெட்டியில் கிடந்ததில் இருப்பதிலேயே ஒல்லியானதாகப் பார்த்து எடுத்தானாம். எழுதினவர் பேரைச் சொன்னால் அங்கே உள்ளவர்களுக்கே தெரியவில்லை. இணையத்தில் அவளும் தேடினாள், தம்பியும் தேடினான், இன்னொரு பிரதி கண்ணில் படவில்லை. கதை இவ்வளவுதான். மலையடிவாரத்தில் ஒரு சத்திரம். அதில் ஃபுசா என்று ஒருத்தி, நாற்பது வயசு தாண்டினவள், பதினொரு பேருக்குச் சமைத்துப் போடுகிறாள். அங்கிருந்து போய்விட வேண்டும் என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் பையைக் கட்டுவாள். யாருக்காவது காய்ச்சல் வரும், இல்லையென்றால் பனி கொட்டும், இல்லையென்றால் விருந்தாள் வருவார்கள். பையை அவிழ்த்துவிட்டு அரிசி கழுவப் போவாள். ஒன்பது அத்தியாயம் இப்படி. ஒன்பதாவதின் கடைசி வரியில் அவள் பையோடு ரயில் நிலையத்தில் நிற்கிறாள். ஏறினாளா இல்லையா என்பதுதான் அந்தப் பன்னிரண்டு தாளில் இருந்தது.

சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்த சங்கரபாண்டியனிடம் கேட்டாள். "என்னங்க, இதுல இருந்த தாளு எங்க?"

"அதுவா? காலைல பேறுகால மருந்து மடிச்சேன்."

அந்தக் கடையில் மாமனார் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தை நியூஸ் பேப்பரில் மடிக்க மாட்டார்கள். பேப்பரில் விபத்து இருக்கும், இரங்கல் செய்தி இருக்கும், செத்தவர் படம் இருக்கும். அந்தத் தாளில் மடித்த சாமானைப் பச்சை உடம்புக்காரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாமா? அதற்கென்று பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டு வாங்கி வைத்திருப்பார்கள். பங்குனிப் பொங்கல் திருவிழாக் கூட்டத்தில் மற்ற சாமானுக்கும் கிழித்து நோட்டு காலி. ஆள் எதிரே நிற்கிறார். இழுப்பறையைத் திறந்தால் வழவழவென்று இந்தத் தாள்.

"நல்லதோ கெட்டதோ, யாருக்கும் படிக்கத் தெரியாதுல்ல. அதான் எடுத்தேன்" என்றார். "நீ படிச்சு முடிச்ச பக்கமாப் பாத்துத்தான் கிழிச்சேன் வடிவு. மொத பக்கத்துலருந்து நீ அடையாளம் வச்ச இடம் வரைக்கும். கிறுக்கி வச்சிருந்தியே, இப்பப் படிக்கிற பாடம், அதுல கைய வைக்கல."

"அந்தக் கிறுக்குனதுதாங்க படிச்சு முடிச்சது. நீங்க கிழிச்சது கடைசி. இது வலது பக்கமிருந்து தொறக்குற புத்தகம்."

"புத்தகத்த எப்படி அந்தப் பக்கமிருந்து தொறப்பாக?"

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பு வரவில்லை. தாள் போனதுகூடப் பரவாயில்லை. மூன்று வருஷமாக ஒரு பொம்பளை உன் கடையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் படிக்கிறாள், அதை எந்தப் பக்கம் திறக்கிறாள் என்று ஒரு நாள் நீ பார்த்ததில்லையே என்றுதான் அவளுக்கு இருந்தது. "யாரு வாங்கிட்டுப் போனா?" என்று மட்டும் கேட்டாள்.

"நம்ம சுந்தரபாண்டி. மாட்டுக்கு மருந்து வாங்க வருவாருல்ல, திருச்சுழிக்கு அங்கிட்டு. அவரு மகளுக்கு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "போயிட்டு வாரியா? நான் கடையிலயே இருக்கேன். பரோட்டா வாங்கித் தின்னுக்கிறேன்."

வீரசோழன் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுவே பெரிசு. ஜன்னல் கம்பி சுட்டது. இருபக்கமும் கருவேல மரத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இந்நேரம் தாளை அடுப்பில் போட்டிருப்பார்கள், போகிறது வீண் வேலை என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. திரும்பிப் போகலாம் என்றால் அதற்கும் இறங்கி ஏற வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் இறங்கி விசாரித்துப் போனால், சுந்தரபாண்டி வீட்டு சிமெண்டு வாசலில் பன்னிரண்டு தாளும் வெயிலில் கிடந்தன. ஒவ்வொரு தாளின் மேலும் அதில் மடித்து வந்த மருந்து பரத்தியிருந்தது. சுக்கு ஒன்றில், திப்பிலி ஒன்றில், சதகுப்பை ஒன்றில். காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு கல். சுந்தரபாண்டியின் சம்சாரம் முத்துமாரியம்மாள் ஆட்டை விரட்டக் குச்சியோடு நிழலில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெற்ற மகள் தங்கலட்சுமி நிலைப்படிக்கு உள்ளே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

சண்முகவடிவு கடைப் பேரைச் சொல்லி, வந்த காரியத்தைச் சொன்னாள்.

"தாளுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றாள் முத்துமாரியம்மாள். "எடுத்துக்கங்க தாயி, நாங்க வச்சு என்ன செய்யப் போறோம். ஆனா வெயில் எறங்கட்டும். பேறுகால மருந்தக் காயப்போட்டா பாதியில அள்ளக் கூடாது, உடம்புல பிடிக்காது."

"அள்ளல யக்கா. பொரட்டி விடவா? அப்படியே என்ன எழுதியிருக்குன்னு பாத்துக்கிறேன்."

"பொரட்டி விட்டா நல்லதுதான்."

மேல் மூலையில் இருந்த பக்க எண்ணைப் பார்த்து வரிசை பிடித்தாள். முதல் தாள் ஓமத்துக்கு அடியில். குத்தவைத்து, ஓமத்தை ஓரமாக ஒதுக்கி, மேலிருந்து கீழாக வரியைப் பிடித்தாள். தெரியாத எழுத்து வந்ததும் பழக்கத்தில் போனை எடுத்தாள். அந்த வெயிலில் திரையில் ஒரு மண்ணும் தெரியவில்லை. சரி, போகிறது என்று அந்த எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாள். அதற்கடுத்ததையும் விட்டாள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு எழுத்தையும் இப்படி விட்டுவிட்டுப் போனதில்லை. விட்டுப் போனாலும் கதை நிற்காமல் போகும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓமத்தைக் கையில் ஏந்தி, தாளைத் திருப்பிப் போட்டு, மறுபடி பரத்தி, மறுபக்கத்தையும் படித்தாள். அப்புறம் நகர்ந்து கடுக்காய்க்குப் போனாள்.

"யக்கா, என்னதான் எழுதிருக்கு? சும்மா வாய்க்குள்ளயே படிக்கிறீக" என்றாள் தங்கலட்சுமி உள்ளேயிருந்து.

சொன்னாள். சத்திரம், பதினொரு பேர், பை, பனி எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கதையை அவள் யாரிடமாவது சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் கேட்டதில்லை. அதற்குப்பின் ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுத் தமிழில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த தாளுக்கு நகர முடிந்தது. சித்தரத்தை காய்ந்த தாளில் ரயில் தாமதம் என்றார்கள். அதிமதுரத்தில் சத்திரத்திலிருந்து ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். முதலாளியம்மா வழுக்கி விழுந்துவிட்டாள், அடுப்புப் பற்ற வைக்க ஆள் இல்லை என்றான்.

"அய்ய, திரும்பிப் போயிரப் போறா" என்றாள் தங்கலட்சுமி. "அவ கிறுக்கி, போயிருவா பாருங்க."

முத்துமாரியம்மாள் ஆட்டை மறந்துவிட்டாள். குச்சி கையில் சும்மா இருந்தது.

கால் மரத்து, இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. எழுத்துகள் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டின. பாதி வார்த்தைகள் கைக்கு அகப்படவில்லை. வால்மிளகுத் தாளில் ரயில் வந்து நின்றது. கடைசித் தாள் பெருங்காயத்துக்கு அடியில் இருந்தது. அதில் ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெறுமை. சண்முகவடிவு அதை இரண்டு தரம் படித்தாள். தப்பாகப் படித்திருக்கக் கூடாது என்று மூன்றாம் தரமும் படித்தாள்.

"ஏறிட்டா" என்றாள். "அந்த ஆளு பேரச் சொல்லிக் கூப்புடுறான். சன்னலோரமா உக்காந்துக்கிறா. ரயிலு கெளம்பிருச்சு."

"திரும்பிப் பாத்தாளா?"

"பாக்கல."

தங்கலட்சுமி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முத்துமாரியம்மாள் குச்சியைக் கீழே வைத்தாள். "போகட்டும்" என்றாள் அப்புறம். "எங்கிட்டாச்சும் போயி நல்லாருக்கட்டும்."

வெயில் இறங்கினதும் மருந்தை டப்பாவில் தட்டிவிட்டு, தாள்களை உதறி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். வீட்டுக்கு வந்து சேர விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கூடத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள். சங்கரபாண்டியன் கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருந்தார். அவள் மடியிலிருந்த தாள்களை வாங்கி, எதையோ யோசித்து, புத்தகத்தை வலது பக்கமிருந்து திறந்து, கடைசியில் கொண்டுபோய் வைத்தார். "இப்படியா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

"அப்படி என்னதான் கதை இது?"

மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறார். கேட்டாரே என்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அசதியிலும் முழுக்கச் சொன்னாள். அவரும் இடையில் போனை எடுக்காமல் கேட்டார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். மனசில் கள்ளம் இல்லாத மனுஷர், மெய்யாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்: "அப்ப அந்தப் பதினோரு பேருக்கும் ராத்திரிச் சோறு?"

சண்முகவடிவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கேட்டதற்காக இல்லை. திருச்சுழி தாண்டினதிலிருந்து பஸ்ஸில் அவளும் இதையேதான் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். கீழே விழுந்த முதலாளியம்மாவுக்குக் கஞ்சி யார் வைத்திருப்பார், அரிசி ஊறவைத்திருந்தாளா இல்லையா என்று. மூன்று வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒருத்தியை ரயிலேற்றிவிட்டு, அவள் போன வழியை நினைக்காமல் அவள் விட்டுப்போன அடுப்பை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே மாமனார் தொண்டையைச் செருமினார். பிள்ளைகளில் ஒன்று தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"பட்டினி கெடக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருந்தாள்.