ரேட்டு மாமாவும் மூன்று பேனாக்களும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு கவலை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் யாரை உள்ளே வைத்துக்கொண்டு நின்றுபோகுமோ என்பது ஒன்று. இன்னொன்று, பணம் மாற்றும் ரேட். முதல் கவலைக்காவது சம்பளம் உண்டு. இரண்டாவது அவராகவே இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது.

அந்த வீட்டில் மூன்று நாட்டுப் பணம் புழங்கியது. அவர் சம்பளம் இங்கத்துப் பணம். அவர் மனைவி தினமும் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், பழைய உடுப்புகளைப் பிரித்து அளவு மாற்றித் தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு அக்கரைப் பணம். வீட்டுக் கடனும் சொந்தபந்தமும் ஊரில், அதனால் ஊர்ப் பணம். கணக்கு நோட்டில் இங்கத்துக்கு நீலம், அக்கரைக்குப் பச்சை, ஊருக்குச் சிவப்பு. பேனா மூடி இடம் மாறிவிட்டால் போச்சு, அன்றைக்கு மனுஷனுக்குச் சோறு இறங்காது.

எதைத் தொட்டாலும் மூன்றிலும் பெருக்கிப் பார்ப்பார். கடையில் பல் பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஊர்ப் பணத்துல இதுக்கு ஒரு சட்டையே எடுத்துடலாம்" என்பார்.

"அப்போ சட்டையால பல்லு விளக்குங்க" என்பாள் அவள்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் பணம் மாற்றித் தருகிறவர்களின் பேச்சை எடுத்தாலே கொதித்துப்போவார். "பகல் கொள்ளைக்காரனுங்க! அங்க போய் மாத்துறவன் அறிவு கெட்டவன்!" ஊரிலிருக்கும் அவள் தங்கை அவருக்கு வைத்த பெயர் ரேட்டு மாமா.

அந்தத் தங்கைக்குத்தான் இன்னும் மூன்று வாரத்தில் பிரசவம். புருஷன் சரக்குக் கப்பலில், நடுக்கடலில். அம்மாவும் இல்லை. "நீ வந்துடுவல்லக்கா?" என்று அவள் கேட்டதும், "நான் வராம வேற யாருடி வருவா?" என்று இவள் வாக்குக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. டிக்கெட்டுக்கு வேண்டிய பணம் அன்றைக்கே சுளையாக இருந்தது. எல்லாம் அவள் தைத்துச் சேர்த்த பச்சைப் பணம்.

"ஊர்ல ஏஜென்ட்டுகிட்ட எடுத்தா மலிவு. ஊர்ப் பணமா மாத்தணும். ரேட்டு கொஞ்சம் ஏறட்டும்மா" என்றார் மெக்கானிக்.

ஏறியது, மாற்றினார். மறுநாள் இன்னும் ஏறியது. அவசரப்பட்டுவிட்டோமே என்று இரண்டு நாள் புரண்டு புரண்டு படுத்தார். ஊர்ப் பணம் சரியப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட, அதை இங்கத்துப் பணமாக்கினார். அது ஆட்டம் காண, பச்சைக்கே திருப்பினார். பிறகு மறுபடி சிவப்பு, இப்படியே சுற்றினார். போனிலேயே மாற்றலாம் என்று பேங்க் வசதி செய்து கொடுத்ததுதான் வினை. லிஃப்ட் கூண்டின் உச்சியில் உட்கார்ந்துகொண்டுகூட மாற்றினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

வெள்ளிக்கிழமை ஏஜென்ட் கூப்பிட்டார். "ஒரே ஒரு சீட்டுதாங்க இருக்கு. ஆறு மணி வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அத விட்டா அடுத்த மாசக் கடைசிதான்."

அதற்குள் குழந்தை பிறந்து குப்புற விழவே ஆரம்பித்துவிடும்போல அவளுக்குத் தோன்றியது. மெக்கானிக் அசரவில்லை. நோட்டைத் திறந்து சிவப்புக் கூட்டுத்தொகையைத் தட்டிக் காட்டினார். "இருக்குதும்மா. வேண்டியதுக்கு மேலயே இருக்கு."

"நோட்டுல இருக்கு. பேங்க்ல?"

போனைத் திறந்தார். நாலில் ஒரு பங்கைக் காணோம்.

"திருடிட்டான்மா! எவனோ பூந்துட்டான்!" என்று பேங்குக்குப் போன் போட்டுக் கத்தினார். அங்கே பேசிய பெண் பொறுமையாகப் படித்துச் சொன்னாள். "நாலு மாசத்துல முப்பத்தொரு தடவை மாத்தியிருக்கீங்க சார். ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. நீங்க வாங்கும்போது ஒரு ரேட்டு, விக்கும்போது ஒரு ரேட்டு சார்."

காலையில் போனில் தெரியும் ரேட்டைத்தான் அவர் நோட்டில் எழுதிவந்தார். கட்டணத்துக்கு அவரிடம் பேனாவே கிடையாது. திருடன் அகப்பட்டுவிட்டான். எதிர் நாற்காலியில், மெக்கானிக் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மனைவி கையில் கிடைத்த வெட்டுத் துணியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இத வெட்டிச் சேத்துத் தைச்சா, ரெண்டு பக்கமும் ஒரு விரக்கடை தையலுக்குப் போகும். பிரிச்சு மறுபடி வெட்டித் தைச்சா இன்னும் போகும். நீங்க முப்பத்தொரு தடவை தைச்சிருக்கீங்க. என் தங்கச்சிக்கு மிச்சம் கைக்குட்டைதான்."

மணி ஐந்தே கால். அன்று காலையில்தான் அவளுடைய இந்த மாதச் சம்பளம் வந்திருந்தது. "குறையறதுக்கு இத மாத்துங்க" என்றாள்.

பார்த்தார். வருஷத்திலேயே மோசமான ரேட். "இன்னைக்கா? திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்தா..."

"அதுவரைக்கும் வயித்துல இருக்கற குழந்தையும் ரேட்டு பாத்துக்கிட்டு இருக்குமா?" அதற்குமேல் அவளால் அதட்ட முடியவில்லை. "அவ தனியா அந்தப் பிரசவ ரூம்ல கிடப்பா. கையப் பிடிக்கக்கூட ஆள் இல்லாம. எனக்குப் பயமா இருக்கு."

மெக்கானிக் இடது கட்டைவிரலால் ரேட் தெரிந்த மூலையை மூடிக்கொண்டு, வலது கையால் அழுத்தினார். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டிக்கெட் வந்தது.

கிளம்புகிற அன்று விமான நிலையத்தில், பெட்டியை எடைபோட்டு அனுப்பியதும் ஆளைக் காணவில்லை. அவள் தேடித் தேடி அலுத்தபோது, ஒரு கவரோடு வேகுவேகென்று வந்தார்.

"இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரிக்கு டாக்சி பிடி. கையில ஊர்ப் பணம் வேணும்ல? மறந்தே போயிட்டேன்."

"எங்க மாத்துனீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "அங்கதான். கண்ணாடிக் கூண்டுல."

"ரேட்டு?"

"பாக்கல."

விமானம் கிளம்பியபின் அவள் கவரைப் பிரித்தாள். நோட்டுகளோடு ரசீதும் இருந்தது. அதில் ரேட்டைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் இரண்டு வட்டம், காகிதமே கிழிகிற மாதிரி. கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தார்: "பரவாயில்ல. தையலுக்குப் போகட்டும்."