நான்கு பெட்டிகளில் ஒரு வாய்

தமிழ்வாணி தன் கணவனின் பேச்சை அநேகமாகத் தினமும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வட்ட விளக்கைப் போட்டுக் கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்து, "நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்" என்று முத்துக்கருப்பன் முழங்குவான். சில நொடி கழித்துக் கூடத்துத் தொலைக்காட்சியில் அதே ஆள் அதே வாக்கியத்தை மறுபடியும் முழங்குவான். முதல் தடவையே அதில் தெளிவு இருக்காது.

அவன் வக்கீலுக்குப் படித்தவன். வழக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்று, ஆட்கள் வருவது நின்றுபோய், கோர்ட்டுப் பக்கம் போவதையே விட்டிருந்தான். தொலைக்காட்சி விவாதம் அவனுக்குத் தோதாக அமைந்தது. அங்கே தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. பின்னணியில் தெரியும் தடித்தடிச் சட்டப் புத்தகங்கள் பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வாங்கியவை. ஒரு சேனல் அவனை அரசியல் விமர்சகர் என்றது, இன்னொன்று பொருளாதார நிபுணர் என்றது. மூன்றாவது ஒன்று வேளாண் ஆர்வலர் என்று பெயருக்குக் கீழே போட்டபோது தமிழ்வாணி அடுப்படியில் நின்று சத்தமாகவே சிரித்துவிட்டாள். அவனியாபுரத்து வீட்டு வாசலில் அவள் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியறியாத ஆர்வலர்.

"வாணி, நான் பேசுறது ஒண்ணு விடாமப் பதிவாகணும். எந்தச் சேனல்னாலும் சரி. நாளைக்கு ஒரு பதவின்னு வந்தா எடுத்துக் காமிக்கணும்ல?" என்றான் ஒரு நாள்.

"யார்ட்ட காமிக்கப் போறீங்க?"

"அதெல்லாம் ஒனக்குப் புரியாது. முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு."

முடியும். அவள் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் ஆசிரியை. புருஷன் மேல் இருந்த பிரியத்தில் அந்தப் பதிவு வேலையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பிரியம் வடிந்து வெகுகாலமாயிற்று. வேலை அவளை இழுத்தது, அவ்வளவுதான். பள்ளியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பெரிய டிஸ்க் மாட்டி, இலவசமாகக் கிடைக்கும் பதிவு மென்பொருளை ஏற்றினாள். ஒரே நேரத்தில் வெவ்வேறு சேனலைப் பிடிக்க வேண்டும். ஒரு கம்பெனி டிஷ்ஷில் வரும் சேனல் மற்றதில் வராது. ஆகவே மாடியில் மூன்று டிஷ், கூடத்தில் நான்கு செட்-டாப் பெட்டிகள். ரிமோட் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று, நான்கு பெட்டிகளின் கண்ணுக்கு முன்னாலும் கடுகளவு விளக்கு ஒன்றை ஒட்டினாள். கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அது சேனல் எண்ணைச் சிமிட்டும், பெட்டி கீழ்ப்படியும்.

பெட்டிகள் கொஞ்ச நாள் கீழ்ப்படியவில்லை. எண்களை வேகமாக அனுப்பினால் நடுவில் ஒன்றை விழுங்கிவிட்டு வேறெங்கோ போய் நின்றன. அதோடு, நான்கில் இரண்டு ஒரே கம்பெனிப் பெட்டிகள். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்கும் கேட்டுவிட, இரண்டும் சேர்ந்து ஒரே சேனலுக்கு ஓடின. முத்துக்கருப்பன் பணவீக்கம் பற்றிப் பேசியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் வாழைப்பூ வடை தட்டிக்கொண்டிருந்தாள். தமிழ்வாணிக்கு அதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவன் குதித்தான்.

"இத நாலு பேர்ட்ட காமிச்சா என்னைய என்னன்னு நெனப்பாக? படிச்ச பொம்பளதான நீ?"

எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டாள். ஒவ்வொரு பெட்டியின் முகத்துக்கும் அட்டையில் சின்னக் கூடு செய்து, கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினாள். அதற்குப் பிறகு ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்கவில்லை. வேலை சுத்தமாக முடிந்த அன்று அவளுக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. அவன் கேட்டதெல்லாம், "இன்னைக்கு என் மொகம் தெளிவா விழுந்திருக்கா?"

அந்தச் சமயத்தில்தான் அவள் பிறந்த ஊரான திருவாதவூர்ப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அண்ணன் சங்கிலியின் வயலும் அந்த வரைபடத்துக்குள் வந்தது. அவன் தங்கையைவிட மாப்பிள்ளையைத்தான் நம்பினான். டிவியில் பேசுகிற மனிதர், நாலு பெரிய ஆட்களைத் தெரிந்தவர்.

ஒரு நாள் சாயங்காலம் பதிவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது தமிழ்வாணி திகைத்தாள். ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிகளில் முத்துக்கருப்பன். மறுபடி கலந்துவிட்டதோ என்று எழுந்துபோய் டேப்பை அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பி வந்து பார்த்தாள். ஒன்றில் கோட்டு. இன்னொன்றில் வெள்ளைச் சட்டை, தோளில் பச்சைத் துண்டு. ஒன்றைப் பகலிலேயே பேசிப் பதிவு செய்து கொடுத்திருக்கிறான், அது ஒளிபரப்பான அதே நேரத்தில் மற்றதில் நேரலையாகப் பேசியிருக்கிறான்.

பச்சைத் துண்டு சொன்னது: "திருவாதவூர் மண்ணில் ஒரு பிடியைக்கூட விடமாட்டோம். அது எங்கள் தாய்."

கோட்டு சொன்னது: "அங்கே விவசாயமே நடப்பதில்லை. தரிசை வைத்துக்கொண்டு அடம்பிடிப்பது வளர்ச்சிக்கு எதிரான மனநிலை."

அவள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே கை, ஒரே விரல் ஆட்டல், அதே "தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்". இவனைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தாள். இருந்திருக்கிறது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அண்ணன் அந்த வயலில் கடலைக்குக் களையெடுக்கிற நேரத்தில் இங்கே ஒருவன் அதைத் தரிசு என்று விற்கிறான்.

அவனிடம் கேட்டாள். அவன் வெட்கப்படவே இல்லை.

"கோட்டுப் போட்டா கோட்டுக்காரவுகளுக்குப் பேசணும் புள்ள. அந்த ஆங்கர் அப்படித்தான் பேசணும்னாரு. ரெண்டு பக்கமும் ஆள் வேணும்ல விவாதத்துக்கு?"

"ரெண்டு பக்கமும் நீங்களேவா?"

"தெறமை இருக்குறவனுக்கு ரெண்டு பக்கமும் வரும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை திருவாதவூர்ச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். போராட்டக் குழுவுக்குத் தலைவராக முத்துக்கருப்பனையே போட்டுவிடலாம் என்று சங்கிலி ஏற்பாடு செய்திருந்தான். முத்துக்கருப்பன் பச்சைத் துண்டோடு புறப்பட்டான்.

"வாணி, நம்ம தாய்மண் பேச்ச எடுத்துட்டு வா. மொதல்ல அதப் போட்டுக் காமிச்சிட்டா, அப்புறம் நான் பேசவே வேண்டியதில்ல."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாரேன்" என்றாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. மற்றவர்கள் சொல்வதைக் கவனிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

சமுதாயக் கூடத்து டிவியில் அவள் மடிக்கணினியை மாட்டினாள். தாய்மண் பேச்சு ஓடியது. கைதட்டினார்கள். சங்கிலி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததும், நிறுத்திவிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்த தமிழ்வாணி நிறுத்தவில்லை. கோட்டு வந்தது. தரிசு வந்தது. வளர்ச்சிக்கு எதிரான மனநிலை வந்தது.

முத்துக்கருப்பன் எழுந்தான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"யாரும் தப்பா நெனச்சுக்கிராதீக. இது மெஷின் கோளாறு. எங்க வீட்ல நாலு பெட்டி. ஒண்ணுக்குச் சொன்னா இன்னொண்ணும் கேட்டுக்கிரும். என் படத்துல எவன் பேச்சோ வந்து ஒட்டிக்கிருச்சு. வாணிட்டயே கேளுங்க, வடை சுட்டதெல்லாம் பதிஞ்சிருக்கு."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். தமிழ்வாணிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவன் பொய் சொல்வான், அது தெரிந்ததே. இத்தனை பேர் அதை நம்ப ஆசைப்பட்டார்கள். சங்கிலிகூட அவளை ஒரு கெஞ்சல் பார்வை பார்த்தான். மெஷின்தான் என்று சொல்லிவிடேன் என்பதுபோல.

"அண்ணே, பெட்டியில கோளாறு இல்ல. நான் செஞ்சது, எனக்குத் தெரியும். வாயும் வார்த்தையும் சேர்ந்து அசையுது, நல்லாப் பாருங்க" என்றாள்.

முத்துக்கருப்பன் சிரித்தான். "பொம்பளைக்கு வீட்டுக் கோவம். அத இங்க கொண்டாந்துட்டா."

அப்போதுதான் மலையம்மாள் எழுந்தாள். சங்கிலி வயலுக்கு அடுத்த வயல்காரி. புருஷன் இல்லாமல் தனியாக நின்று வெள்ளாமை செய்கிறவள்.

"சரி மாப்ள, மெஷினு கெடக்கட்டும். பேசுன வாய் இங்கதான இருக்கு? இப்பச் சொல்லுங்க. என் வயலு தரிசா? நெலத்தக் குடுக்கலாமா, கூடாதா?"

முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமினான். கூடத்தின் பின்வரிசையில் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் முத்துக்கருப்பனுக்கு எந்தச் சேனலுக்குப் பேசுகிறோம் என்ற குழப்பம் வந்துவிட்டது.

"நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்" என்று ஆரம்பித்தான். "இந்தப் பிரச்சினைக்குப் பல பரிமாணங்கள் இருக்கு. குடுக்கலாம்கிறதுலயும் நியாயம் இருக்கு, கூடாதுங்கிறதுலயும்…"

"ஒக்காருங்க மாப்ள" என்றாள் மலையம்மாள்.

ஆட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். தலைவராக மலையம்மாளைப் போட்டார்கள். முத்துக்கருப்பன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். அவனை யாரும் திட்டக்கூட இல்லை.

திரும்பும்போது ஒத்தக்கடை தாண்டியதும் காரில் அவன் பச்சைத் துண்டை உருவி மடியில் போட்டுக்கொண்டான். பிறகு, "புருஷன அசிங்கப்படுத்திட்ட" என்றான்.

"நான் போட்டுத்தாங்க காமிச்சேன். நீங்கதான் பேசுனீங்க."

சேனல்களுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரமே அவனை அழைத்தார்கள். கூட்டத்தில் ஒருவன் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியும், ஒரு சேனல் அவனைப் 'பொய்ச் செய்திகளின் ஆபத்து' பற்றிப் பேசக் கூப்பிட்டது. அவன் ஆபத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினான்.

மாறியது தமிழ்வாணிதான். அவனை மனசுக்குள் இளக்காரமாகப் பார்ப்பதே போதும் என்று வெகுகாலம் இருந்துவிட்டாள். அதில் ஒரு சொகுசு இருந்தது, எதையும் செய்ய வேண்டியதில்லை. இப்போது அவள் நான்கு பெட்டிகளையும் தொழிற்பேட்டைச் செய்திகளுக்குத் திருப்பினாள். எந்த அதிகாரி எந்தச் சேனலில் என்ன சொன்னாலும் பதிவாகி, துண்டு துண்டாகச் சங்கிலிக்கும் மலையம்மாளுக்கும் போனது. நிலத்தை அளக்க ஆட்கள் வந்தபோது, "டிவியில வேற மாதிரி சொன்னாகளே" என்று மலையம்மாள் கைப்பேசியை நீட்டினாள். அளக்க வந்தவர்கள் மேலே கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். இன்னும் வரவில்லை. வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்னோடது இப்பப் பதியிறதே இல்லையா?" என்று முத்துக்கருப்பன் ஒரு நாள் கேட்டான். கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான், கீழே கைலி.

"பெட்டி காலியா இல்லைங்க."

"நாலும் இருக்குல்ல?"

"நாலுக்கும் வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அண்ணனிடமிருந்து வந்த அழைப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மழைக்குப் பிறகு ஒரு டிஷ் லேசாகச் சாய்ந்திருந்தது. ஸ்பேனரால் அதை நிமிர்த்தி இறுக்கியபடியே, "சொல்லுண்ணே" என்றாள்.