ஓரகத்தியின் ரப்பர் செடி

மகளின் பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பிய காலையில் ஓரகத்தி தன் ரப்பர் செடியைத் தொட்டியோடு தூக்கிவந்து தையல்காரியின் வாசலில் இறக்கினாள். பார்த்துக்கோ என்று ஒரு வார்த்தை, வண்டிக்கு நேரமாச்சு என்று இன்னொரு வார்த்தை. அவ்வளவுதான் பேச்சு.

அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள் இருவரும். சண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. மூத்தவள் கணக்கு டீச்சர், எதிலும் குறை கண்டுபிடிக்கும் கண். இளையவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள், அந்தக் கண்ணுக்குப் பயந்தே ஒதுங்கிக்கொண்டவள். நல்லது கெட்டதில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அதனால் செடி வந்ததும், அக்கா தனக்குப் பரீட்சை வைத்துவிட்டுப் போயிருப்பதாகத்தான் புருஷனிடம் சொன்னாள்.

பயந்தவள் கை சும்மா இருக்குமா? காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு, கொஞ்சம் தொய்ந்தது போலத் தெரிந்தால் நடுவில் ஒன்று.

"செடிக்குத் தண்ணி ஊத்துறியா, நீச்சல் கத்துக்குடுக்குறியா?" என்றான் புருஷன்.

அடி இலைகள் மஞ்சளடித்தன. தொட்டால் கையோடு வந்தன. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினாள். ஒருநாள் பெருக்கும்போது தொட்டியிலிருந்து சாக்கடை வாடை அடித்தது. எப்படியும் தெரியத்தானே போகிறது என்று அவளே போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.



"எனக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றாள் ஓரகத்தி. "இதுக்கு முன்னாடி ஒண்ணை நானே சாகடிச்சிருக்கேன். தினமும் போட்டோ எடுத்து அனுப்பு. ரெண்டு பேருமா பார்ப்போம்."

தையல்காரி செடியைத் தொட்டியிலிருந்து உருவினாள். பாதி வேர் கறுத்துக் கூழாகியிருந்தது. மீதி வெளுப்பாக, விறைப்பாக இருந்தது. உயிர் அதில்தான் என்று புரிந்தது. கறுத்ததை எல்லாம் கத்தரித்தாள். மண்ணில் மணல் கலந்து, அடியில் ஓட்டையுள்ள சின்னத் தொட்டியில் நட்டு, வெளிச்சம் படும் ஆனால் உச்சி வெயில் படாத ஜன்னலோரம் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். இப்போது விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். மண் ஈரமாக இருந்தும் இலை தொய்ந்தால் அது தாகமில்லை, மூச்சுத் திணறல் என்று போனில் பேசிப் பேசி இருவரும் கண்டுபிடித்தார்கள். வெட்டுத்துணியை நனைத்து இலைகளைத் துடைத்தாள். பூச்சி இருக்கிறதா என்று இலைகளைத் திருப்பியும் பார்த்தாள்.

போட்டோ போன மறுநிமிடமே பதில் வரும். தண்டு கெட்டியா இருக்கா, நுனி பச்சையா இருக்கா என்று ஆயிரம் கேள்வி. மகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் 'பரவாயில்ல' என்று ஒரே சொல், உடனே மறுபடி செடிப் பேச்சு. பேரப்பிள்ளையைவிடச் செடி ஒசத்தியாப் போச்சா என்று தையல்காரிக்கு ஆற்றாமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் ஓரகத்தியின் புருஷன் தன் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னார். குழந்தை நாள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஓரகத்தி ஆஸ்பத்திரி நடைபாதை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, இவளைத் தவிர வேறு யார் போன் போட்டாலும் எடுப்பதில்லை.

தையல்காரி மறுநாள் காலையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் செடி முன்னால் நின்றாள். நுனியில், சிவப்பு உறைக்குள் சுருண்டு, ஊசி மாதிரி ஒரு புது இலை எட்டிப் பார்த்தது. அதை மட்டும் படமெடுத்து அனுப்பினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உடனே போன் வந்தது. ஓரகத்தி அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது இவள் கேட்டதில்லை.

"இங்க எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்குறாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. உன் போட்டோ வந்தாத்தான் எனக்குப் பொழுது விடியுது."

குழந்தை மெல்ல எடை கூடியது, தானாக மூச்சுவிட்டது, வீடு சேர்ந்தது. ஓரகத்தி திரும்பி வந்தபோது பையோடு நேராகத் தையல்காரி வீட்டுக்குத்தான் வந்தாள். செடியின் அடித்தண்டு மொட்டையாக இருந்தது. மேலே புது இலைகள் எண்ணெய் தடவினாற்போல மின்னின.

"நீங்க குடுத்ததுல பாதிதான்க்கா இருக்கு" என்றாள் தையல்காரி.

"நீ மட்டும் இல்லன்னா நான் அங்க பைத்தியமாகியிருப்பேன்டி" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ஓரகத்தி. செடியை எடுத்துப்போகவும் மறுத்துவிட்டாள். இந்த ஜன்னல் அதற்குப் பிடித்துப் போயிருக்கிறது, இங்கேயே இருக்கட்டும், தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

தினமும் மெஷினோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியை நகர்த்தி இடம் பண்ணினாள். ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அதுவரை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்த குழந்தையின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினாள்.