குனிந்தால் எழ வேண்டுமே

உட்கார்ந்திருக்கும்வரை எனக்கு ஒன்றுமில்லை. எழுந்தால்தான் வம்பு. கண் இருட்டும், தலை கிர்ரென்று சுற்றும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். மறுபடி உட்கார்ந்தால் எல்லாம் அடங்கிவிடும். இது என்ன கண்றாவி என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை என் மகள் சே-ரினுக்குத் தேகு நகரத்தில் கல்யாணம். பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவளும் கைகோத்து மேடையேறி, மெழுகுவத்தி ஏற்றி, சபையைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்க வேண்டும். குனிந்துவிடுவேன், நிமிர்வேனா? அத்தனை பேர் முன்னால் குப்புற விழுந்தால் என் பெண்ணின் கல்யாணம் என்னாவது? அவளிடம் சொன்னால் கல்யாணத்தையே தள்ளிப்போடுவாள். அதனால் மூச்சுவிடவில்லை.

"கல்யாண டென்ஷன்டி, வேற ஒண்ணுமில்ல" என்றார் என் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"உனக்கு ரத்தமே இல்லடி. மூஞ்சியப் பாரு, டோஃபு மாதிரி வெளுத்துக் கெடக்கு" என்றாள் நீராவிக் குளியலுக்குக் கூட வரும் போக்-நாம்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் இதயம் என்றாள். அவள் வாயில் நல்லதே வராது.

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனேன். படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தாள், நிற்கவைத்துப் பார்த்தாள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தாள்.

"நிக்கும்போது பிரஷர் இறங்குதும்மா. நீங்க சாப்பிடுற பிரஷர் மாத்திரையா இருக்கலாம், தண்ணி பத்தாம இருக்கலாம், ரத்தசோகையா இருக்கலாம். இதயத்துடிப்பையும் இன்னும் பாக்கணும். ரத்த ரிசல்ட் திங்கக்கிழமைதான் வரும். நல்லா தண்ணி குடிங்க, பட்டினி கெடக்காதீங்க, மெதுவா எழுந்திரிங்க. மயங்கி விழுந்தா உடனே வந்துடணும்."

ஒரு பயத்தோடு போனவள் நாலு பயத்தோடு திரும்பினேன்.

கல்யாணத்தன்று விடிந்ததும் எங்கள் கொரிய உடையான ஹன்போக்கை உடுத்திவிட்டார்கள். அத்தனை அடுக்குப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போவது நடக்கிற காரியமா? அதனால் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் குடிக்கவில்லை. என்னைப்போல ஒரு மடச்சி உண்டா?

மேடையடியில் சம்பந்தியம்மா நீல ஹன்போக்கில் விறைப்பாக நின்றாள். இரு வீட்டாரும் கூடிப் பேசிய விருந்தில், "உங்க பொண்ணு பாக்கெட் ராமென் நூடுல்ஸ் நல்லா கொதிக்க வைப்பாளாமே" என்று குத்தியவள். அன்றிலிருந்து எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வேண்டாவெறுப்பாகக் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது.

மெழுகுவத்தி ஏற்றினோம். திரும்பிக் குனிந்தோம். என் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது.

"சம்பந்தியம்மா," பக்கத்திலிருந்து மெல்லிய குரல், "உடனே நிமிந்துடாதீங்க."

"ஏங்க?"

"எனக்குத் தலை சுத்துது. கொஞ்ச நாளாவே எழுந்தா இப்படித்தான். பையன்கிட்ட சொல்லல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

"காலையில தண்ணி குடிச்சீங்களா?"

"இந்தப் பாவாடைய வச்சுக்கிட்டா?"

இருவரும் குனிந்தபடியே கிடந்தோம். பிறகு ஒருத்தி கையை ஒருத்தி இறுக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தோம். என்ன பணிவு, என்ன மரியாதை என்று நினைத்தார்களோ என்னவோ, மண்டபமே கைதட்டியது.

எனக்கு எதனால் சுற்றுகிறது என்று அப்போதும் தெரியாது.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறேன். நீங்களும் வாங்க" என்றேன்.

"வரேன்" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அவள் என் கையை விடவில்லை.