பலகையைத் தட்டிய வைத்தியர்

யூலாலியோஸ் கேட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: உலகத்துக்கு ஆரம்பம் உண்டு. இதைச் சொல்ல அலெக்சாந்திரியாவில் ஆளுக்கா பஞ்சம்? துறைமுகத்தில் கருவாடு விற்கிறவள்கூட, கடவுள் ஆறு நாளில் உலகத்தைச் செய்தார் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் பேராயரின் எழுத்தரான யூலாலியோஸுக்கு அது, உலகத்துக்கு ஆரம்பமே இல்லை என்று பாடம் நடத்தும் தத்துவ ஆசிரியர் செரேனோஸின் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது.

"நம்பிக்கையாச் சொல்ல எங்ககிட்ட ஆயிரம் பேர் இருக்காங்க ஐயா. நீங்க நிரூபிச்சுச் சொல்லணும். உங்க வகுப்புல, உங்க ஆசனத்துல உட்கார்ந்து, வழக்கமா நடத்துற மாதிரி. நான் ஓரமா உட்கார்ந்து எழுதிக்குவேன்."

"சொன்னா?"

"மதியத்துக்குள்ள உங்க தம்பி வீட்ல இருப்பாரு. ஆனா இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. பேரம் பேசினோம்னு வெளியில மூச்சு வந்துச்சுன்னா, அவரை மறுபடி உள்ள தள்ள எனக்கு ஒரு நாழிகை போதும்."

செரேனோஸின் தம்பி பனிஸ்கோஸ் சுண்ணாம்பு பூசுகிறவன். தத்துவமெல்லாம் அவனுக்குத் தெரியாது. நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டில், தடை செய்யப்பட்ட பழைய தெய்வமான ஐசிஸ் தாயின் சிலையை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பி, பழைய சுவர் மாதிரியே பூசிக் கொடுத்தான். வேலை அத்தனை நேர்த்தி. ஆனாலும் யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். சிலையை ஒளித்துவைக்க இன்னும் யார் யார் வந்தார்கள் என்று நான்கு நாளாகப் பாதத்தில் அடித்துக் கேட்டார்கள். ஒரு பெயர்கூட அவன் சொல்லவில்லை. படிப்பே இல்லாத அவன் வாய் பூட்டியிருந்தது. படித்த அண்ணனின் வாயைத்தான் திறக்கச் சொன்னார்கள்.

அண்ணன் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. மறுநாள் காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது, பனிஸ்கோஸின் மனைவி தெர்முதி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், சிறைச்சாலை சமையற்காரி சொன்னா. நேத்து அவரைத் தூக்கிக்கிட்டுத்தான் போனாங்களாம். நடக்க முடியலியாம்."

"இன்னைக்கு வந்துடுவான்."

"எப்படி வருவாரு? நீங்க என்ன செஞ்சீங்க?"

"வருவான்னு சொல்றேன்ல. தண்ணியைச் சுட வெச்சு, பழந்துணி கிழிச்சு வை."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று தெரு முழுக்க யோசித்துக்கொண்டே போனார். தம்பி உயிரைவிட ஒரு வாக்கியம் பெரிதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தத்துவம் வேண்டாம்.

வகுப்பு நிரம்பியிருந்தது. குதிரை லாடம் போல வளைந்த கல்படிகளில் முப்பது பேர். அதில் பாதிப் பேர் கழுத்தில் சிலுவை. பாடம் தொடங்குமுன் கொஞ்ச நேரம் எல்லோரும் கண்மூடி இருப்பது வழக்கம். யார் எந்தக் கடவுளை நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு நாகரிகத்தில்தான் அந்தப் பள்ளிக்கூடம் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது. அன்றைக்கு யூலாலியோஸும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்க செரேனோஸுக்கு எரிச்சலாக வந்தது.

முன்வரிசையில் வழக்கம்போல பம்மோன். ஐம்பத்திரண்டு வயது வைத்தியர், செரேனோஸைவிடப் பத்து வயது மூத்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். புரிந்துகொள்வதில் கொஞ்சம் மந்தம். ஆனால் ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் சும்மா விடமாட்டார். அந்தப் பள்ளியில் ஒரு விதி உண்டு: வாதத்தில் ஒரு படி இடறினால் மாணவன் தான் குறிப்பெழுதும் மெழுகுப் பலகையைக் கல்லில் தட்டலாம். தட்டினால் ஆசிரியர் நிறுத்த வேண்டும், பதில் சொல்லாமல் மேலே போகக் கூடாது. செரேனோஸே போட்ட விதி. ஆறு வருஷத்தில் அதிகம் தட்டியவர் பம்மோன்தான். ஒவ்வொரு தட்டுக்கும் பின்வரிசை சிரிக்கும்.

அவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று செரேனோஸ் நினைக்காமல் இல்லை. ஆனால் பம்மோனுக்குப் பொய் வராது. நகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் "பிழைப்பேனா?" என்று கேட்டதற்கு "வியாழக்கிழமை வரைக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி, அந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர். இவரிடம் சொல்வதும் ஒன்று, முச்சந்தியில் நின்று கூவுவதும் ஒன்று.

செரேனோஸ் ஆரம்பித்தார். முதலில் பழையவர்களின் கட்சியை எடுத்து வைத்தார்: உலகம் என்றும் இருப்பது, அதற்குத் தொடக்கமில்லை. இது அவர் உயிரோடு கலந்த பாடம். குரல் தானாகவே நிமிர்ந்தது. பின்வரிசைக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுப்புக்கு வந்தார்.

"பனைக்கு ஆரம்பம் உண்டு. பானைக்கு ஆரம்பம் உண்டு. மனுஷனுக்கு உண்டு, மலைக்கும் உண்டு. உலகத்துல எதைத் தொட்டாலும் அதுக்கு ஒரு ஆரம்பம் உண்டு. ஆகவே உலகத்துக்கும்..."

டக்.

யூலாலியோஸின் எழுதுகோல் நின்றது.

"மன்னிக்கணும் வாத்தியாரே," என்று எழுந்தார் பம்மோன். "நானும் உலகத்துக்கு ஆரம்பம் உண்டுன்னு நம்புறவன்தான். ஆனா நீங்க சொன்ன வழியில அது வரலியே. ஒரு செங்கல்லை நான் ஒரு கையால தூக்கிடுவேன். எந்தச் செங்கல்லை எடுத்தாலும் தூக்கிடுவேன். அதுக்காக வீட்டைத் தூக்கிடுவேன்னு ஆகுமா? துண்டுக்குப் பொருந்துறது மொத்தத்துக்கும் பொருந்தணுமா?"

சரியான கேள்வி. ஆறு வருஷத்தில் பம்மோன் கேட்ட கேள்விகளிலேயே இதுதான் உயர்ந்தது. வேறொரு நாளாக இருந்தால் செரேனோஸ் ஆசனத்திலிருந்து இறங்கிப் போய் அவரைக் கட்டிப்பிடித்திருப்பார்.

"நல்ல கேள்வியாத்தான் தெரியுது," என்றான் யூலாலியோஸ், மெல்லிய குரலில். "ஆசிரியர் பதில் சொல்லட்டும். எழுதிக்கறேன்."

முப்பது முகங்களும் திரும்பின. செரேனோஸ் கண்முன் வந்தது தம்பியின் பாதம் மட்டும்தான்.

"வைத்தியரே, நீங்களே சொன்ன வீட்டை எடுத்துக்குவோம். செங்கல் இல்லாம வீடு உண்டா?"

"இல்லை."

"செங்கல் வந்தப்புறம்தானே வீடு வந்துச்சு?"

"ஆமா."

"அப்ப வீட்டுக்கு ஆரம்பம் உண்டா, இல்லையா?"

"உண்டு. ஆனா நான் கேட்டது..."

"உண்டுன்னு உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. என் பக்கம் வந்து உட்கார்ந்துக்கிட்டு என்கூடவே சண்டை போடுறீங்களே! நாடி பிடிக்கிறப்பவும் இப்படித்தானா? நோயாளி கையை விட்டுட்டு கட்டில் காலைப் பிடிப்பீங்களோ?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவன் படியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பம்மோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், காது சிவந்தது, உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது துண்டுக்குப் பொருந்துவது மொத்தத்துக்கும் பொருந்துமா என்று, இவர் பதில் சொன்னது வீட்டுக்கு ஆரம்பம் உண்டா என்று. சந்தை வித்தைக்காரன் கோப்பையை மாற்றி வைக்கிற வேலை. இப்படிச் செய்த மாணவர்களை செரேனோஸ் வகுப்பைவிட்டே வெளியேற்றியிருக்கிறார்.

"ஆகவே உலகத்துக்கும் ஆரம்பம் உண்டு," என்று முடித்தார்.

யூலாலியோஸ் எழுதி முடித்து, மை காய ஊதினான்.

ஒன்றில் மட்டும் அவன் பொய் சொல்லவில்லை. மதியத்துக்கு முன்பே இரண்டு ஆட்கள் பனிஸ்கோஸைப் பாயில் வைத்துத் தூக்கி வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். தெர்முதி அழவும் செய்தாள், ஆட்களைத் திட்டவும் செய்தாள், வெந்நீரும் கொண்டுவந்தாள். பாதங்களைப் பார்த்ததும் செரேனோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உயிரோடு வந்துவிட்டான், அது போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அது உண்மையும்கூட.

"நான் யார் பேரையும் சொல்லலண்ணே," என்றான் பனிஸ்கோஸ். "அப்புறம் ஏன் விட்டாங்க?"

பதில் சொல்லுமுன் வாசலில் குரல் கேட்டது. மருந்துப் பெட்டியோடு பம்மோன். செய்தி கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமலே வந்திருந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பனிஸ்கோஸின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தேனும் எண்ணெயும் குழைத்துத் தடவி, துணி சுற்றினார். கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"வாத்தியாரே, யோசிச்சேன். தப்பு என் பேர்லதான்."

"விடுங்க வைத்தியரே."

"இல்ல, சொல்லிடுறேன். உள்ளுக்குள்ள இன்னும் ஏதோ உறுத்துது. ஆனா முப்பது பேருக்குப் புரிஞ்சது எனக்கு மட்டும் புரியலேன்னா கோளாறு எங்கேன்னு ஒரு வைத்தியனுக்குத் தெரியாதா? செங்கல் கதையைப் பலகையில எழுதி வெச்சிருந்தேன். அழிச்சுட்டேன்." அவர் முகம் மலர்ந்திருந்தது. "ஐம்பது வருஷமா நம்பிக்கிட்டு மட்டும்தான் இருந்தேன் வாத்தியாரே. இன்னைக்குத்தான் அது நிரூபணமாவும் இருக்குன்னு தெரிஞ்சுது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

அழித்துவிட்டாராம். அந்த வகுப்பில் அன்றைக்குச் சரியாகச் சிந்தித்தவர் அவர் ஒருவர்தான். செரேனோஸ் அவரிடம் "நீங்கதான் சரி" என்று இரண்டே சொல் சொன்னால் போதும். சொன்னால் பம்மோன் ஏன் என்று கேட்பார். காரணம் தெரிந்தால் நாளைக்கு யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். பனிஸ்கோஸ் மறுபடி உள்ளே போவான், இப்போது சுற்றிய துணியை இன்னொருவன் அவிழ்ப்பான்.

பம்மோன் துடைத்து வழுவழுப்பாக்கிய பலகையை முழங்காலில் வைத்துக்கொண்டார். "மறுபடி ஒரு தடவை சொல்லுங்க. நிதானமா. வார்த்தை பிசகாம எழுதிக்கறேன்."

பனிஸ்கோஸ் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தான். சுண்ணாம்பு பூசுகிறவன்தான், ஆனால் மடையன் இல்லை. அண்ணன் எதைக் கொடுத்துத் தன்னை மீட்டார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லுண்ணே," என்றான். "நானும் கேட்டுக்கறேன்."

செரேனோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உலகத்துல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஆரம்பம் உண்டு."

பம்மோனுக்குக் கை மெதுவாகத்தான் ஓடும். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதி முடிக்கிறவரை இவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

"அடுத்து?" என்றார் பம்மோன்.

செரேனோஸ் அடுத்ததையும் சொன்னார்.