கிண்ணத்தில் மீந்தது

வரிசையில் கடைசி ஆளும் எழுந்து போய் உட்கார்ந்த பிறகுதான் வில்ஃபிரட் ட்ரெகென்சா குனிந்து பார்த்தார். கையிலிருந்த திருவிருந்துக் கிண்ணத்தில் ஒயின் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அவர் மெதடிஸ்ட் போதகர். கென்யாவில் பத்தொன்பது வருடம் மிஷனரியாக இருந்தவர். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் மூன்று வேறுவேறு சபைக்காரர்கள் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பாடியதைப் பார்த்த கண்ணோடு, கார்ன்வால் கடற்கரையில் தான் பிறந்த போர்த்கெவனுக்குத் திரும்பியிருந்தார். இங்கே வாரமெல்லாம் ஒன்றாக வலை இழுக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் மெதடிஸ்ட் சேப்பலுக்கும் ஆங்கிலிக்கன் கோயிலுக்குமாகப் பிரிந்து, எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் எட்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினார். எத்தனை கோப்பைத் தேநீர், எத்தனை குத்தல் பேச்சு! கடைசியில் இந்த ஜனவரியில்தான், இந்தக் கோயிலில் சேர்ந்து அப்பமும் கிண்ணமும் வாங்கித் திருவிருந்து எடுக்க இரண்டு சபையும் தலையாட்டின.

சேப்பல்காரர்கள் மதுவைத் தொடமாட்டார்கள். அவர்களுக்குப் புளிக்காத திராட்சைச் சாறு. கோயில்காரர்களுக்கு ஒயின் இல்லாவிட்டால் திருவிருந்தே இல்லை. ஆகவே இரண்டு கிண்ணம். அதோடு விட்டிருக்கலாம். கிண்ணங்களை மாற்றிப் பிடிப்போம், சாற்றை நீங்கள் கொடுங்கள், ஒயினை நான் கொடுக்கிறேன் என்று இந்தக் கோயிலின் குருவானவர் ஹெக்ஸ்டிடம் சொன்னது இவரேதான். அந்த யோசனை உதித்த நாளெல்லாம் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கொடுக்கிறவருக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. சேப்பலில் மிஞ்சியதைத் தோட்டத்து மண்ணில் ஊற்றிவிடுவார்கள். இங்கே, இயேசுவின் இரத்தம் என்று ஆசீர்வதித்த ஒயினில் ஒரு துளிகூட மண்ணில் விழக்கூடாது. வாங்க வருகிறவர்கள் குடித்தது போக மீந்ததைக் கொடுத்தவரே எல்லோர் கண்முன்னும் குடித்து முடிக்கவேண்டும். ஹெக்ஸ்ட் பாவம், சேப்பல்காரர்களில் பத்துப் பேராவது இந்தப் பக்கம் வருவார்கள் என்ற ஆசையில் தாராளமாக ஊற்றிவிட்டார். ஒருவர்கூட வரவில்லை.

மூன்றாவது பெஞ்சில் அக்கா ஜெனிஃபர் உட்கார்ந்திருந்தாள். அவர்களுடைய அப்பா குடித்தே படகை அழித்தவர். பிறகு ஒருநாள் குடித்துவிட்டுத் துறைமுகப் படிக்கட்டில் தவறி விழுந்து செத்தார். அந்த வாரமே, இனி ஆயுசுக்கும் தொடமாட்டேன் என்று சேப்பலில் கையெழுத்துப் போட்டான் ஒன்பது வயது வில்ஃப். பேனா பிடித்த அவன் கையைப் பிடித்து எழுதவைத்தது அக்காதான்.

நேற்று வீட்டுக்குள் வராமல் வாசலில் நின்றே சொன்னாள். "ஏண்டா வில்ஃப், கிண்ணத்த நீ புடிக்கிற, சரி. ஒரு சொட்டு உள்ள போச்சுன்னு வையி, நான் அக்கா இல்ல, நீ தம்பி இல்ல."

"போகாதுக்கா. சத்தியமா."

அந்தச் சொல்லை நம்பித்தான் வந்திருந்தாள். அவள் வந்ததால்தான் சேப்பல் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். அப்பம் வாங்கக் கழற்றிய சாம்பல் நிறக் கையுறைகளைத் திரும்ப மாட்டிக்கொண்டு விறைப்பாக இருந்தாள். சாப்பிடவும் சண்டை போடவும் மட்டும்தான் ஜெனிஃபர் கையுறையைக் கழற்றுவாள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

ஹெக்ஸ்ட் பக்கத்தில் வந்து நின்றார். "குடிச்சு முடிங்க ஐயா," என்றார் மெதுவாக.

"என்னால முடியாது தம்பி. ஒம்பது வயசுலயே தொடமாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க குடிச்சிருங்களேன்."

ஹெக்ஸ்டின் முகம் வெளுத்தது. "முன் பெஞ்சுல பாருங்க, பென்ஹேல் அம்மா. நிர்வாகின்னு பேரு, ஆனா இதெல்லாம் எப்படா முறியும்னு உக்காந்திருக்காங்க. நான் வாங்கினேன்னா, நம்ம கிண்ணத்துல வாய் வைக்க மெதடிஸ்ட் போதகருக்குக் கூசுதுன்னு இன்னிக்கே பிஷப்புக்கு எழுதிருவாங்க. அப்புறம் இந்தக் கதவு உங்களுக்குத் தொறக்காது."

ஆர்கன் நின்றுவிட்டது. வாசிப்பவருக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒயினின் வாடை மூக்கில் ஏறியது. அப்பா குடித்தது வேறு சரக்குதான். ஆனாலும் அவருடைய ஈரக் கோட்டின் ஞாபகம் வந்து தொலைத்தது. குடித்தால் அக்கா போய்விடுவாள். குடிக்காவிட்டால் எட்டு வருடம் போய்விடும். யாரையாவது திட்டலாம் என்றால் ஆள் இல்லை, வலையைப் பின்னியவர் இவரே. அறுபத்தோரு வயதில், அத்தனை பேர் முன்னால், அவருக்கு அழுகை வந்தது.

கிண்ணத்தை நெஞ்சுவரை தூக்கினார். அதற்கு மேல் தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

மூன்றாவது பெஞ்சு கிரீச்சிட்டது. ஜெனிஃபர் எழுந்தாள். அவளோடு சேர்ந்து எழுவதா என்று சேப்பல் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை. கல் தரையில் குதிகால் சத்தம் கேட்க நடந்துவந்து, பீடத்துக்கு முன்னிருந்த மரக் கிராதியை ஒட்டி, திருவிருந்து வாங்குகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"கைய ஆட்டாதடா, சிந்தப்போகுது," என்றாள்.

பிறகு, வலது கையுறையின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக் கழற்ற ஆரம்பித்தாள்.