பொட்டு வைத்த ஃபிரிட்ஜ்

உலக மாந்தர் அனைவரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கவும்: திருப்பதியில், ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், மனித குலத்தின் சிறுநீரகங்களுக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டது.

பிறக்க வைத்தவள் அங்கே ஆராய்ச்சி மாணவியான தரணி, நகரிப் பக்கத்துக் கரும்பு விவசாயி மகள். டிஎன்ஏ இழைகளைக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகளாக மடித்து, அவற்றில் தங்கத் துகள்களை ஒட்டியிருந்தாள். துகள்கள் விலகி நின்றால் கரைசல் சிவப்பு. சிறுநீரக நோயாளியின் சிறுநீர்த் துளி பட்டால் அவை கூடிக்கொள்ளும், கரைசல் நீலமாகும். அவளுடைய சித்தப்பாவுக்கு நோய் முற்றிய பிறகே தெரிந்தது. இப்போது அவளுடைய நைனாவுக்கு, அந்தக் கரும்பு விவசாயிக்கு, கால் வீங்குகிறது. ஆஸ்பத்திரி என்றால் வரமாட்டார்.

"நீ செய்றியே, அதுல வேணா பாத்துக்கிறேன்" என்று மட்டும் இறங்கி வந்திருந்தார்.

கரைசல் குளிரிலேயே இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஃபிரிட்ஜ்.

ஆயுத பூஜை வந்தது. கல்லூரி இயக்குநர் பூவராகவன் நகரியில் தறி ஓட்டிய குடும்பம். எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். ஃபிரிட்ஜுக்கு மாவிலை கட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊருக்குப் போனார்.

விடுமுறை முடிந்து வந்த தரணி கதவைத் திறந்தாள். குளிர் இல்லாமல் துகள்கள் தாமாகவே கூடி, கரைசல் குப்பிகள் எல்லாம் நீலம்.

"யார் சார் நிறுத்தினது?"

"நாந்தாம்மா. தறியே அன்னிக்கு ஓடாது. இது மட்டும் ஓடிக்கினே இருக்கணுமா? பாவம் இல்ல?"

"எல்லாம் கெட்டுப்போச்சு சார். இதப் பாக்க வர்ற டெல்லிக் குழுவ அப்புறமா வரச் சொல்லுங்க."

"டெல்லிக்காரங்க ரேணிகுண்டா ஏர்போர்ட்ல எறங்கிட்டாங்க. நீ கம்முனு இரு."

குழுவில் ஒருவர் குப்பியைத் தூக்கிப் பார்த்து, துளியே விடவில்லையே, எப்படி நீலம் என்று கேட்டார்.

பூவராகவன் கண் இமைக்கவில்லை. துளி விழுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவதுதான் எங்கள் தனிச்சிறப்பு என்று இங்கிலீஷில் அடித்துவிட்டார். தரணி வாயைத் திறப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது.

அந்தக் குப்பிகளோடு சித்தூரில் சிறுநீரகப் பரிசோதனை முகாம் போட்டார்கள். தரணி போனில் கெஞ்சினாள். "வராத நைனா, அது கெட்டுப்போனது."

"நீ செஞ்சது எப்டிமா கெடும்?" வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து நின்றார்.

வந்தவர்கள் எல்லோருக்கும் நீலம். மிரண்டுபோன டாக்டர்கள் எந்த முடிவும் செல்லாது என்று சொல்லி, தலைக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்கள்.

"நாந்தான் அப்பவே சொன்னேனே, எனக்கு ஒண்ணும் இல்லன்னு" என்று வீங்கிய காலை நீட்டிக்கொண்டு பழத்தை உரித்தார் நைனா.

அவருடைய நீலம் மட்டும் சரி.